விரல் காயம்: முதலில் சீழ், பிறகு நரம்பு

தமிழில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைச் சுட்டுகிறோம். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் ரத்தக்குழாய் நமக்கு நரம்புதான். ஊசி ஏற்றும்போது “நரம்பு கிடைக்கல” என்று செவிலியர்களே சொல்வதுண்டு. விரலை மடக்கி நீட்டும் வெள்ளைக் கயிறு போன்ற தசைநாணும் நரம்புதான். தொடுவதையும் சுடுவதையும் குத்துவதையும் மூளைக்குச் சொல்லும் உண்மையான உணர்வு நரம்புக்கும் அதே பெயர். அன்றாடப் பேச்சில் இதனால் குழப்பம் இல்லை. விரலில் வெட்டு விழுந்த நேரத்தில் இது பெரிய குழப்பமாகிவிடுகிறது. அரிவாள்மனையில் விரலைக் கிழித்துக்கொண்டவரிடம் வீட்டில் இருப்பவர்கள் முதலில் சொல்வது, “விரலை மடக்கிக் காட்டு” என்பதைத்தான். மடங்கிவிட்டால், “நல்லவேளை, நரம்புக்கு ஒண்ணும் ஆகல” என்று எல்லோரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் விரல் மடங்குவதிலிருந்து தெரியவருவது தசைநாண் முழுதாக அறுந்துபோகவில்லை என்பது மட்டுமே. விரலுக்குள் தசை கிடையாது. அதை இயக்கும் தசைகள் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அவற்றுக்கான நரம்புக் கிளைகளும் அங்கேயே பிரிந்து முடிந்துவிடுகின்றன. விரலுக்குள் ஓடும் நரம்புகளின் பெரிய வேலை உணர்வு. அவை இரண்டுமே அறுந்தாலும் விரல் அழகாக மடங்கும். நரம்பு அறுந்த விரல்களில் பல, சிறிய மருத்துவமனைகளில் மேல்தோலை மட்டும் தைத்து வீட்டுக்கு அனுப்பப்படுவதற்கு இந்த ஒரு தவறான சோதனை முக்கியக் காரணம்.

ஒவ்வொரு விரலிலும் உள்ளங்கைப் பக்கமாக, இடம் ஒன்று வலம் ஒன்று என இரண்டு உணர்வு நரம்புகள் நுனிவரை செல்கின்றன. தடிமன் 1 முதல் 2 மில்லிமீட்டர்தான். ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு தமனி ஓடுகிறது. விரலுக்குள் நரம்பு தோலுக்குச் சற்று அருகிலும் தமனி அதற்கு உள்ளேயும் இருப்பதால், உள்ளங்கைப் பக்கத்திலிருந்து பாயும் கத்தி பெரும்பாலும் நரம்பைத் தாண்டித்தான் தமனியை எட்டும். ஆகவே விரலின் பக்கவாட்டு வெட்டிலிருந்து ரத்தம் துடித்துப் பீய்ச்சினால், அந்தப் பக்க நரம்பும் அறுந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். சோதனை எளிது. அடிபட்டவரைக் கண்ணை மூடச் சொல்லி, வெட்டுக்கு அப்பால் விரல் நுனியின் இரு பக்கங்களையும் தனித்தனியே மெதுவாகத் தொட்டு, மறு கையின் அதே விரலோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். “ரெண்டும் ஒரே மாதிரி இருக்கா?” என்ற கேள்வி, “உணர்வு இருக்கா?” என்பதைவிடப் பயனுள்ளது, ஏனெனில் மரத்த விரலிலும் அழுத்தினால் ஏதோ ஒன்று தெரியத்தான் செய்யும். பேப்பர் கிளிப்பை விரித்து இரு முனைகளையும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்துத் தொட்டால், நலமான விரல் நுனி அவற்றை இரண்டு புள்ளிகள் என்று பிரித்தறியும். நரம்பு அறுந்த பக்கம் ஒன்று என்றே சொல்லும். நரம்பு அறுந்த தோலில் வியர்வையும் நின்றுவிடும். வழவழப்பான பேனாவின் உடலை அதன்மேல் இழுத்தால் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். சிறு குழந்தைகளிடம் கேள்வி கேட்டுப் பயனில்லை. காயம் ஆறிய பிறகு வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் கையை வைத்தால், நலமான விரல் நுனிகள் சுருங்கும். நரம்பு அறுந்த விரல் சுருங்காமல் மழமழவென்று இருக்கும். முதல் நாள் செய்யும் சோதனைகள் எல்லாம் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே முடிய வேண்டும். ஊசி போட்டபின் எல்லா விரலும் மரத்துத்தான் இருக்கும்.

இந்த அத்தியாயம் வாசகரிடம் சொல்ல விரும்புவது ஒரே ஒரு செய்தி. அடிபட்ட விரலுக்குள் இரண்டு கெடுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கிருமித் தொற்றுக்கு விதிக்கப்பட்ட கெடு மணிக்கணக்கு. நரம்பைச் சீராக்குவதற்குக் கிடைக்கும் கெடு நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு. ஆகவே இரண்டும் ஒரே விரலில் சேர்ந்து வந்தால், முதலில் அழுக்கையும் சீழையும் வெளியேற்றிவிட்டு, காயம் சுத்தமான பின் நரம்பைத் தைப்பதே சரியான வரிசை. நரம்பு அறுந்திருக்கிறது என்ற கண்டுபிடிப்பு மட்டும் முதல் நாளே நடந்து, கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நடைமுறையில் இந்த இரண்டு கெடுக்களையும் இடம் மாற்றிக்கொள்கிறோம். நரம்பை உடனே தைக்கவில்லையே என்று பதறுகிறோம். வீங்கித் தெறிக்கும் விரலுக்கு மட்டும் நாலு நாள் மாத்திரை விழுங்கிப் பார்க்கிறோம்.

விரலில் சீழ் ஏன் இத்தனை அவசரம் என்பதற்கு விடை அதன் கட்டுமானத்தில் இருக்கிறது. தொடையிலோ முதுகிலோ கட்டி வந்தால் வீங்குவதற்கு இடம் உண்டு. விரலில் இடமே இல்லை. நுனிச் சதை, தோலையும் எலும்பையும் இணைக்கும் நார்த் தடுப்புகளால் சின்னஞ்சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் சீழ் கட்டினால் அழுத்தம் ஏறி, அந்த இடத்துக்கு வரும் ரத்த ஓட்டமே நெருக்குண்டு நின்றுவிடும். பிறகு நுனி எலும்பும் சேர்ந்து அழுகும். துடிதுடிக்கும் வலியால் ஓர் இரவு தூக்கம் கெட்டுவிட்டால் உள்ளே சீழ் கட்டிவிட்டது என்று அறுவை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கொள்ளும் அளவுகோல் இன்றும் நம்பத் தகுந்தது. இதைவிட ஆபத்தானது தசைநாணைச் சூழ்ந்த உறைக்குள் புகும் தொற்று. அந்த உறை இரு முனையும் மூடிய குழாய். சீமைக்கருவேல முள்ளோ மீன் முள்ளோ விரல் மடிப்பில் ஆழக் குத்தினால் கிருமி நேராக அதற்குள் இறங்கிவிடும். சீழின் அழுத்தத்தில் தசைநாணுக்கு உணவு தரும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டு, தசைநாணே செத்துப்போகலாம். கட்டைவிரலின் உறையும் சுண்டுவிரலின் உறையும் உள்ளங்கை வழியாக மணிக்கட்டுவரை நீள்வதால், பலரிடம் ஒன்றில் தொடங்கிய சீழ் மற்றொன்றுக்கும் பரவிவிடும். சிகாகோவின் அறுவை மருத்துவர் ஆலன் கனாவெல், கைத் தொற்றுகள் பற்றி 1912-இல் வெளியிட்ட நூல் இன்றும் இத்துறையின் அடித்தளம். உறைக்குள் சீழ் புகுந்ததைக் காட்டும் அடையாளங்களாக அவர் பெயரால் நான்கு சொல்லப்படுகின்றன: விரல் தானாகச் சற்று மடங்கிய நிலையில் நிற்கும், நுனி முதல் அடிவரை ஒரே சீராக உருளைபோல் வீங்கும், உள்ளங்கைப் பக்கம் உறை ஓடும் பாதை நெடுகத் தொட்டால் வலிக்கும், மற்றவர் பிடித்து நீட்ட முயன்றால் உயிர்போகும். இவற்றில் நாலாவது முதலிலேயே வந்துவிடுவது வழக்கம். நாலில் இரண்டு தெரிந்தாலே அன்றைய இரவைக் கடத்தக் கூடாது.

“மருந்தில்லாத 1912-இல் கத்தி தேவைப்பட்டிருக்கலாம், இப்போது நல்ல ஆன்டிபயாடிக் இருக்கும்போது எதற்கு விரலைக் கிழிக்க வேண்டும்?” என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பாதி உண்மையும் உண்டு. தொற்று தொடங்கிய ஆரம்பத்தில், சீழ் திரளுமுன் வந்துவிட்டால், நரம்பு வழியாக (இங்கே ரத்தக்குழாயைத்தான் சொல்கிறேன்) மருந்து ஏற்றி, கையை உயர்த்தி அசையாமல் கட்டி, சில மணி நேரத்துக்கொருமுறை பார்த்துக்கொண்டிருப்பது ஏற்கப்பட்ட முறைதான். ஒரு நாளுக்குள் தெளிவாகக் குறையவில்லை என்றால் திறந்தே ஆக வேண்டும். காரணம், மருந்தை எடுத்துச்செல்வது ரத்தம். அழுத்தத்தால் ரத்தம் நின்றுபோன அறைக்குள் மருந்தும் போவதில்லை. செத்த திசுவுக்கும் சீழுக்கும் ரத்தக்குழாயே கிடையாது. எவ்வளவு விலை உயர்ந்த மருந்தானாலும் போய்ச்சேராத இடத்தில் வேலை செய்யாது. நகச்சுற்றுக்கு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகும் பழக்கத்தையும் இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும். நகத்தின் ஓரம் லேசாகச் சிவந்த நிலையில், பல நகச்சுற்றுகள் வெந்நீரில் முக்கி எடுப்பதாலேயே தணிந்துவிடும். அப்போது பழம் கெடுதல் செய்வதில்லை. மஞ்சளாகச் சீழ் தெரிந்த பிறகும், நுனிச் சதை கல்போல் இறுகிய பிறகும் எலுமிச்சைக்குள் விரலை மறைத்து வைத்திருந்தால், பார்க்க வேண்டிய இரண்டு நாள் பார்க்கப்படாமலே போகும். ஒரு விலக்கும் உண்டு: கொத்தாகச் சிறு நீர்க்கொப்புளங்கள் எழுந்து எரியும் விரல், ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்றாக இருக்கலாம். அதைக் கீறவே கூடாது. கீறினால் வேறு கிருமி புகும்.

சீழைத் திறப்பதை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைத்துவிட முடியாததற்கும் நரம்பே காரணம். நுனிச் சதையைப் பக்கவாட்டில் கண்டபடி கீறினால் அங்கே ஓடும் உணர்வு நரம்பையே அறுத்துவிடலாம். மீன்வாய்போல் நுனியைச் சுற்றிக் கீறும் பழைய முறை, மரத்துப்போன, நிலையற்ற நுனியைத் தந்ததால் கைவிடப்பட்டது. இன்று சீழ் எங்கே முனைகொண்டிருக்கிறதோ அங்கேயே, நரம்பின் பாதையை விலக்கி, சிறிதாகத் திறக்கிறார்கள். வீட்டில் பிளேடை நெருப்பில் காட்டிக் கீறுவதால் வரும் இழப்பு பெரும்பாலும் தழும்போடு நின்றுவிடுவதில்லை.

நரம்பும் தொற்றும் ஒன்றையொன்று மோசமாக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே வலுவான சான்று இருக்கிறது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குட்டையாகிப்போகின்றன என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார். நோய் சதையைத் தின்கிறது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அவரும் உடன் உழைத்தவர்களும் கவனித்துக் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டதால் சூடும் வெட்டும் தெரிவதில்லை. தெரியாத காயத்தோடு வேலை தொடர்கிறது. அதில் தொற்று ஏறி எலும்புவரை அரிக்கிறது. காயத்தைத் தடுத்துப் பாதுகாத்தால் மரத்த விரலும் முழுதாக நிலைக்கும் என்பதையும் அவர்கள் காட்டினார்கள். கத்தி வெட்டில் நரம்பு அறுந்த விரலுக்கும் இது அப்படியே பொருந்தும். கனாவெல் பெயரால் வழங்கும் நான்கு அடையாளங்களில் இரண்டு வலியைச் சார்ந்தவை. நரம்பு அறுந்த விரலில் அந்த எச்சரிக்கை மணி மங்கலாகத்தான் அடிக்கும். நெடுநாள் சர்க்கரை நோயால் கை நரம்புகள் ஏற்கெனவே தேய்ந்தவர்களுக்கும் இதே நிலைதான். தொற்றோ சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும், ஏறிய சர்க்கரை தொற்றை வளர்க்கும். ஆகவே இவர்கள் வலியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. வீக்கம், சிவப்பு, கசிவு, காய்ச்சல் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

அடிபட்ட முதல் மணி நேரத்தில் செய்ய வேண்டியது குறைவு. குழாய் நீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை இதயத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பெரும்பாலான ரத்தம் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். மோதிரத்தை உடனே கழற்றுங்கள். வீங்கிய பின் கழற்ற முடியாது. ரப்பர் பேண்டாலும் நூலாலும் விரலை இறுக்காதீர்கள். அது மறந்துபோய் மணிக்கணக்கில் இருந்துவிட்டால் விரலே கருகிவிடும். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, பட்டறையில் கிடைக்கும் கிரீஸ் எதுவும் காயத்துக்குள் போகக் கூடாது. அவற்றைப் பிறகு சுரண்டி எடுப்பதே ஒரு தனி அறுவையாகிவிடும். நாய் கடித்திருந்தால் சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசியை அன்றே தொடங்க வேண்டும். சண்டையில் எதிராளியின் பல்பட்டு விரல் முட்டியில் ஏற்பட்ட காயம் எவ்வளவு சிறிதாகத் தோன்றினாலும் சாதாரணமானதல்ல. மடக்கிய கையில் பல் மூட்டுக்குள்வரை இறங்கியிருக்கும். கையை விரித்ததும் தோல் நகர்ந்து துளையை மூடிக்கொள்ளும். கிரீஸ் கன், பெயின்ட் ஸ்பிரே போன்ற அழுத்தக் கருவிகளால் விரலுக்குள் எண்ணெயோ பெயின்டோ பாய்ந்திருந்தால், வெளியே ஊசித் துளை அளவே தெரிந்தாலும், ஒரு மணி நேரமும் வீணாக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவமனையில் காயத்தைச் சுத்தம் செய்து, செத்த திசுவை வெட்டியெடுத்து, தையல் போடாமல் திறந்துவிட்டால் உறவினர்கள் கோபப்படுகிறார்கள். “தையல்கூடப் போடாம அனுப்பிட்டாங்க” என்பது அடிக்கடி கேட்கும் குறை. இந்த நடைமுறை அலட்சியத்தால் வந்ததல்ல, நெடிய அனுபவத்தால் வந்தது. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் 1898-இல் கினிப் பன்றிகளின் காயத்தில் தோட்டத்து மண்ணைப் பூசிச் சோதித்தபோது, ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் அந்தத் திசுவை வெட்டியெடுத்தால் பிழைத்தன; அதற்குப் பின் கிருமி ஆழமாகப் பரவிவிட்டது. அந்த ஆறு மணியை இன்று கல்லில் எழுதிய கோடாக யாரும் கொள்வதில்லை என்றாலும், காலம் மணிக்கணக்கில் ஓடுகிறது என்ற பாடம் நின்றுவிட்டது. முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், கண்ணாடிக் குழாயில் முட்கள்போல் நீட்சிகளை இழுத்து, குண்டுக் காயத்தின் சந்து பொந்துகளுக்கு ஒரு மாதிரி செய்தார். அதற்குள் கிருமிநாசினியை எத்தனை முறை ஊற்றினாலும் நீட்சிகளின் முனையில் கிருமி பிழைத்தே இருந்தது. கொப்பளிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஸ்பிரிட்டையும் ஊற்றினால் காயம் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கண்ணாடிக் குழாயே பதில். அவை நல்ல திசுவையும் பொசுக்குகின்றன. ஆழத்தில் உள்ள அழுக்கை அடைவதில்லை. நிறைய நீர் விட்டுக் கழுவுவதும், செத்ததை வெட்டியெடுப்பதும்தான் வேலை செய்கின்றன. அப்படியும் ஐயம் இருந்தால் திறந்து வைத்து, ஈரக்கட்டு மாற்றி, 3 முதல் 5 நாள்களில் சுத்தம் என்று உறுதியான பின் மூடுவது போர்க்கள மருத்துவம் விலை கொடுத்துக் கற்ற முறை. அவசரமாக மூடிய அழுக்குக் காயத்தில், தையலுக்குக் கீழே சீழ் சத்தமில்லாமல் பெருகும்.

“அதுவரை அறுந்த நரம்பு செத்துப்போகாதா?” என்பது இந்த வரிசைக்கு எதிராக எழும் மிக வலுவான கேள்வி. நரம்பை மின்சார வயர்போல் கற்பனை செய்வதால் வரும் அச்சம் இது. வயரை உடனே முறுக்கி ஒட்டினால் விளக்கு எரியும். நரம்பில் அது நடக்காது. லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1850-இல் தவளையின் நாக்கு நரம்புகளை அறுத்துக் காட்டியதுபோல, மூளைப் பக்கத்திலிருந்து துண்டிக்கப்பட்ட பகுதியின் நார்கள் சில நாள்களில் சிதைந்தே தீரும். ஐந்தாவது நிமிடத்தில் தைத்தாலும் சிதையும். பத்தாவது நாளில் தைத்தாலும் சிதையும். நார்கள் சிதைந்தபின் அவற்றைச் சுற்றியிருந்த வெற்றுக் குழாய்கள் எஞ்சுகின்றன. மேல்முனையிலிருந்து புதிய நார்கள் முளைத்து அந்தக் குழாய்களுக்குள் புகுந்து நுனியை நோக்கி வளர்கின்றன. அறுவை மருத்துவர் தைப்பது இந்தக் குழாய்களின் வாய்களை எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துவதற்காக. ஆகவே சுத்தப்படுத்தச் செலவான ஒரு வாரத்தால், உடனே தைத்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய நார் எதுவும் இழக்கப்படுவதில்லை. மாறாக, சீழுக்கு நடுவே தைத்த நரம்பின் தையல் விட்டுப்போகும். இணைப்பில் தழும்புத் திசு சுவர்போல் வளர்ந்து, முளைத்து வரும் நார்களை வழிமறிக்கும். ஒருமுறை அப்படிக் கெட்ட முனைகளை மறுபடி வெட்டித்தான் சேர்க்க முடியும். கிடைக்கும் நீளம் குறைந்துகொண்டே போகும்.

ஆனால் நாள்கணக்கு என்றால் எல்லையற்ற கணக்கு என்று பொருளில்லை. அறுந்த முனைகள் சுருங்கி விலகுகின்றன. வாரங்கள் போகப் போக மேல்முனையில் நார்கள் சுருண்டு ஒரு கட்டியாகின்றன, தொட்டால் ஷாக் அடிப்பதுபோல் வலிக்கும். அந்தக் கட்டியை வெட்டினால் இடைவெளி பெரிதாகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் நூற்றுக்கணக்கான நரம்புக் காயங்களைக் கவனித்த ஹெர்பர்ட் செடன், 1943-இல் அவற்றை மூவகையாகப் பிரித்தார்: நசுங்கி, தற்காலிகமாகச் செய்தி நின்ற நரம்பு; வெளிக்குழாய் தப்பி உள்நார் அறுந்த நரம்பு; முழுவதும் துண்டான நரம்பு. முதல் இரண்டும் பெரும்பாலும் தாமாகத் திரும்பும். மூன்றாவதுக்குத்தான் தையல் வேண்டும். நசுங்கிய விரலில் அவசரமாக நரம்பைத் தேடக் கூடாது என்பதற்கும், நாளாகியும் தேறாத விரலை விட்டுவிடக் கூடாது என்பதற்கும் இந்தப் பிரிவினையே ஆதாரம். வியன்னாவின் ஹன்னோ மில்லேசி 1970-களில் நிறுவியது இன்னொன்று: விலகிய முனைகளை இழுத்துப் பிடித்துத் தைப்பதைவிட, இடைவெளிக்கு வேறு நரம்புத் துண்டை ஒட்டுவதே நல்ல பலன் தரும். இழுப்பில் நரம்பின் ரத்த ஓட்டம் குறைந்து தழும்பு கூடுவதே அதற்குக் காரணம். விரல் நரம்புக்கான ஒட்டுத் துண்டை முன்கையிலிருந்து எடுப்பார்கள். குறுகிய இடைவெளிக்கு, உடலில் கரையும் செயற்கைக் குழாயும் பயன்படுகிறது. அந்தக் குழாய் உடலுக்கு அந்நியப் பொருள் என்பதால், தொற்று முழுதும் அடங்காத விரலில் அதை வைப்பது வீண். சுத்தம் முதலில் என்ற வரிசை இங்கேயும் தன்னை நிலைநாட்டிக்கொள்கிறது. முதல் அறுவையின்போதே முனைகளைக் கண்டு, மெல்லிய நூலால் அடையாளமிட்டு, குறிப்பில் எழுதிவைத்தால் இரண்டாம் அறுவை எளிதாகும். இதைச் செய்தார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இந்த வரிசையை எல்லா விரலுக்கும் பொருத்தக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சமையல் கத்தியோ கண்ணாடிச் சில்லோ வெட்டிய புதுக் காயத்தில், திசு நசுங்காமல், சேறு சாணி இல்லாமல் இருந்தால், கழுவிவிட்டு அன்றோ அடுத்த சில நாள்களுக்குள்ளோ நரம்பை நேராகத் தைப்பதே சிறந்தது. முனைகள் கூர்மையாக, அருகருகே கிடைக்கும் நாள்கள் அவை. மண்வெட்டி, கரும்புச் சாறு பிழியும் இயந்திரம், நாய்ப்பல், மனிதப்பல், சாக்கடைத் தகரம் ஆகியவற்றின் காயங்களும், சீழ் தொடங்கிவிட்ட எந்தக் காயமும்தான் முதலில் சுத்தம், பிறகு நரம்பு என்ற வரிசைக்கு உரியவை.

“ஒரு விரலில் இரண்டு நரம்பு இருக்கிறதே, ஒன்று போனால் என்ன?” என்று கேட்பவர்கள் மருத்துவர்களிலும் உண்டு. கடைசி மூட்டுக்கு அப்பால் நரம்பு பல கிளைகளாகச் சிதறிவிடுவதால் அங்கே தைப்பது பெரும்பாலும் முடியாது, தேவையும் குறைவு. அதுவரை அவர்கள் சொல்வது சரி. அதற்குக் கீழே எந்தப் பக்கம் என்பதே கேள்வி. பேனா பிடிக்கவும் பொத்தான் போடவும் பூக்கட்டவும் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கங்களே தொடுகின்றன. மேசையில் கை வைத்தால் சுண்டுவிரலின் வெளி ஓரம் முதலில் படுகிறது. இந்தப் பக்கங்கள் மரத்தால் அன்றாட வேலை கெடும். தைக்காமல் விட்ட முனையில் நரம்புக் கட்டி வலி வருவதும் கணக்கில் சேர வேண்டும். தையல்காரர், நெசவாளர், வீணை வாசிப்பவர், மின்பணியாளர் என்று தொழிலைச் சொல்லிக் கேளுங்கள். முடிவு தொழிலையும் பொறுத்தது. இந்த அறுவையை உருப்பெருக்கிக் கண்ணாடியோ நுண்ணோக்கியோ வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் செய்கிறார்கள். இதற்கெனப் பயின்ற கை அறுவை மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ தேவை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைத் துறையும், கோவை கங்கா மருத்துவமனையும் இந்தியாவில் இத்துறைக்குப் பெயர் பெற்றவை. மாவட்டத்தில் அவ்வளவு வசதி இல்லை என்றாலும், சுத்தம் செய்யும் முதல் அறுவையை அருகிலேயே முடித்துவிட்டு, நரம்புக்காக அடுத்த சில நாள்களில் இங்கெல்லாம் போய்ச்சேர முடியும். இரண்டு கெடுக்களும் வேறு வேறாக இருப்பதால் கிராமத்தில் அடிபட்டவருக்கும் கிடைக்கும் சலுகை இது. தொழிற்சாலையில் அடிபட்டவர்கள் இ.எஸ்.ஐ. அட்டையையும் விபத்துப் பதிவையும் முதல் நாளே சரிசெய்து கொள்ளட்டும்.

பலனைப் பற்றி மிகைப்படுத்தாமல் சொல்லிவிடுகிறேன். தைத்த நரம்பில் நார்கள் சில வாரம் தயங்கி, பிறகு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர்கின்றன. விரலின் அடியில் வெட்டு, நுனிவரை 7 சென்டிமீட்டர் என்றால், உணர்வு எட்டிப் பார்க்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். அது செம்மைப்பட இன்னும் ஒரு வருடம் வேண்டியிருக்கலாம். குழந்தைகளுக்கு ஏறக்குறைய முழுதாகத் திரும்புவதுண்டு. வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் குறையும். பெரியவர்களில் பலருக்கு சூடு, குத்து தெரியும் பாதுகாப்பு உணர்வு கிடைக்கும். காசை இருட்டில் தடவி இனம் காணும் நுட்பம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். குளிர் பட்டால் விரல் வலிப்பது இரண்டு மூன்று வருடம்வரை நீளலாம். திரும்பிய உணர்வு முதலில் தாறுமாறாகத்தான் இருக்கும், ஏனெனில் நார்கள் பழைய இடத்துக்கே போய்ச்சேர்வதில்லை. மூளை அந்தப் புது வரைபடத்தைப் படிக்கக் கற்க வேண்டும். அதற்கான பயிற்சிக்கு நம் சமையலறையே போதும். கிண்ணங்களில் கேழ்வரகு, அரிசி, உளுந்து, கொண்டைக்கடலை வைத்து, முதலில் பார்த்துக்கொண்டும் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் தடவி இனம் காணுங்கள், தினமும் நாலைந்து முறை, பத்துப் பத்து நிமிடம். உணர்வு வரும்வரை அடுப்பிலிருக்கும் பாத்திரத்தை அந்த விரலால் தொடாதீர்கள். படுக்கும் முன் விரலின் எல்லாப் பக்கத்தையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

தையல் போட்ட இடத்தின் மேல் விரலால் மெல்லத் தட்டி, நுனியை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தால், நார்கள் வளர்ந்து எட்டிய இடத்தில் சுரீர் என்று நுனிவரை ஒரு கூச்சம் ஓடும். பிரான்சின் ஜூல் டினெல் 1915-இல் விவரித்த அடையாளம் இது. மாதம் ஒருமுறை அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். அந்தப் புள்ளி மாதா மாதம் நுனியை நோக்கி நகர்ந்தால் பொறுத்திருக்கலாம். மூன்று மாதமாகியும் தையலைத் தாண்டாமல் அங்கேயே நின்றால், அந்தக் குறிப்பேட்டோடு அறுவை செய்த மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.